கட்டுநாயக்காவில் 12 மணித்தியாலம் கிடைத்தால்: வன்னி ஆட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெல்பேர்னிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் போகிற ஒருவருக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் 12 மணித்தியால இடைவெளி என்று வையுங்கள். தாய் வன்னியில், முல்லைத்தீவில். டிக்கெட் போட்ட கையோடு ஊருக்குப் போன் எடுத்து அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "வீட்டை ஒருக்கா ஓடிப்போட்டு வரலாமோ?"

ஏலாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த 12 மணித்தியாலத்தை எயாப்போட் கதிரையில் படுத்துக் கழிக்கவும் தேவையில்லை. நீங்கள் வன்னிக்குப் போகாமல், வன்னியை நீர்கொழும்புக்கு வரச் சொல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீற்றர் அளவில் ஒரு சின்ன நகரம், கடற்கரை, மீன் சந்தை, மலிவான அறைகள் எல்லாம் இருக்கின்றன. தாயும் தகப்பனும் இரவுப் பயணம் செய்யக்கூடிய உடல்நிலையில் இருந்தால், ஒரு பகல் முழுக்க அவர்களோடு இருந்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறலாம்.

முதலில் கிலோமீற்றர்

கட்டுநாயக்காவிலிருந்து சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக வவுனியா ஏறக்குறைய 230 கிலோமீற்றர். அங்கிருந்து ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கு இன்னும் 75, 80. முல்லைத்தீவு என்றால் மாங்குளத்தில் திரும்பி ஏ34இல் மேலும் 50. வான் நல்ல ஓட்டம் ஓடினாலும் வவுனியாவுக்கு 5 மணித்தியாலம், கிளிநொச்சிக்கு 6 அல்லது 6½. போக வர 12 முடிந்துவிட்டது; அம்மா தேத்தண்ணி வைக்கவும் நேரமில்லை. புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் இரவில் யானை றோட்டுக்கு வரும். அதைக் கணக்கில் எடுக்காமல் "நாலு மணித்தியாலத்தில் இறக்கிவிடுறன்" என்று சொல்கிற சாரதியை நம்பி விமானத்தைத் தவறவிடாதீர்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பலரும் இறங்கும் நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் 12 என்பது 12 போலவே தெரியும். புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

விமானம் மாலை 6 மணிக்கு என்றால், கட்டுநாயக்கா வாசலில் 3 மணிக்கு நிற்க வேண்டும். புறப்பாட்டு வாசலிலேயே டிக்கெட்டும் பாஸ்போட்டும் பார்த்து, பொதிகளை ஸ்கான் பண்ணித்தான் உள்ளே விடுவார்கள். பிறகு செக்-இன், குடியகல்வு, மறுபடி ஒரு சோதனை. போர்டிங் பாஸ் முன்கூட்டியே கையில் இருக்கிறவர் 2 மணித்தியாலம் போதும் என்று சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். 3 மணிக்கு வாசலில் நிற்க, நீர்கொழும்பிலிருந்து 2.15க்கு வெளிக்கிட வேண்டும். சாதாரண நேரத்தில் 25, 30 நிமிடத்தில் போய்விடலாம், ஆனால் பின்னேரங்களில் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் வேலை விட்டால் றோட்டு இறுகிவிடும். அந்த மேலதிகக் கால் மணித்தியாலம் அதற்குத்தான்.

முன்பக்கத்தில், காலை 6 மணிக்கு இறங்கினால் குடிவரவு வரிசை, காசு மாற்றுதல், சிம் எல்லாம் முடித்து வெளியே வர 7.15. நீர்கொழும்பு 7.45. ஆக 12 மணித்தியாலத்தில் உங்கள் கையில் இருப்பது 6½. இந்த எண்ணை வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "மாமி வீட்டுக்கும் ஒருக்கா, கொச்சிக்கடை அந்தோனியாரிட்டையும் ஒருக்கா" என்று கொழும்பு வரை திட்டம் வளரும்.

கடதாசி வேலை

வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருப்பவர் விமான நிலையத்தை விட்டு வெளியே வர விசா வேண்டும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்றாலும் அதில் மாற்றமில்லை. ஈ.டி.ஏ. என்கிற மின்னணு அனுமதியைப் பயணத்துக்கு முன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ தளத்தில் எடுங்கள். குறுகிய இடைத்தங்கலுக்கென்று ஒரு வகை அதில் உண்டு. அதே போன்ற பெயர்களோடு, மேலதிகமாகக் காசு கறக்கிற தளங்கள் பல தேடலில் முதலில் வரும். முகவரியின் முடிவைப் பார்த்து உள்ளே போங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டி இறங்கலாம், அது காலாவதியாகாமல் இருந்தால்.

அடுத்தது டிக்கெட். இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெரிய பொதிகளைக் கடைசி ஊர்வரை போட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். பொதிச் சீட்டில் அந்த ஊரின் குறியீடு இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பொதியை நீங்கள்தான் இழுத்துத் திரிய வேண்டும். அது மட்டுமில்லை, முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனிக்கு எந்தக் கடமையும் கிடையாது. தனி டிக்கெட்காரர் 12 மணித்தியாலத்துக்குக் குறைந்த இடைவெளியில் ஊரிலிருந்து ஆட்களைக் கூப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. பிந்தினால் அலைச்சல் முழுக்க வயது போனவர்களுக்குத்தான்.

இரவுப் பயணத்தில் வீட்டாரை எடுப்பது

இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

பஸ்சில் வருவதானால் ஆசனம் பதியும்போதே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "புத்தளம் றோட்டாலையோ, குருநாகல் றோட்டாலையோ?" வடக்கிலிருந்து கொழும்பு போகிற பஸ்கள் இரண்டு வழியாலும் ஓடுகின்றன. புத்தளம் வழியால் வருவது சிலாபம், பிறகு நீர்கொழும்புக்குப் பக்கத்துக் கொச்சிக்கடை (கொழும்பு அந்தோனியார் கோவில் கொச்சிக்கடை வேறு) தாண்டி நீர்கொழும்பைத் தொட்டுத்தான் கொழும்புக்குப் போகும். குருநாகல் வழியால் வருவது கண்டி வீதியால் கொழும்புக்குள் நுழையும். நீர்கொழும்பு அதன் பக்கத்திலும் இல்லை. தெரியாமல் ஏறிவிட்டால் குருநாகலில் இறங்கி நீர்கொழும்பு பஸ் எடுக்கலாம், ஆனால் விடியப்புறத்தில் பையோடு அம்மாவை அங்கே இறக்குவது பாவம்.

தூரப் பஸ்கள் பெரும்பாலும் நகருக்குள் போகாமல் பெருந்தெருவாலேயே நேரே போய்விடும். எங்கே இறங்க வேண்டும் என்று ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லி, கொச்சிக்கடை தாண்டும்போது எழுப்பிவிடச் சொல்லுங்கள். பஸ் விடியப்புறம் 3, 4 மணிக்கே வந்து சேரக்கூடும். உங்கள் விமானம் இறங்குவது காலை 6 மணிக்கு. அந்த இடைவெளிக்கு அவர்கள் நிற்க ஓர் இடம் வேண்டும், அதனால்தான் அறையை முதல்நாள் இரவிலிருந்தே எடுக்கச் சொல்கிறேன்.

ஆறேழு பேர் என்றால் வான் பிடிப்பது நல்லது. வானில் வருகிறவர்கள் செய்கிற தவறு ஒன்று: எல்லாரும் பின்னால் நித்திரை கொள்வார்கள், சாரதி மட்டும் இரவு முழுக்க முழிப்பு. அதே மனிதர் பகலில் உங்களைக் கடற்கரைக்கும் கோவிலுக்கும் இழுத்து, இரவே திரும்பவும் வன்னிக்கு ஓட்ட வேண்டும் என்பது விபத்துக்கு அழைப்பு. சாரதிக்கு ஒரு கட்டிலும் பகலில் 5 மணித்தியால நித்திரையும் பேச்சின்போதே ஒத்துக்கொள்ளுங்கள். உங்களை எயாப்போட்டிலிருந்து கூட்டிவர வேறு ஓட்டோ அல்லது கார் பிடிக்கலாம், அது பெரிய செலவில்லை.

அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லத் தேவையில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து பழகிய சனம் அதை மறக்காது. மருந்துகளைத்தான் சொல்ல வேண்டும்: பிறசர், சீனி வருத்தக் குளிசைகள் காலை மாலை இரண்டு வேளைக்கும், கையில் கொண்டுபோகிற பையில்.

குசினி உள்ள அறை

நீர்கொழும்பில் லூயிஸ் பிளேஸ், எத்துக்கால பக்கம் கடற்கரையோரமாக வரிசையாக ஹோட்டல்களும் கெஸ்ட் ஹவுஸ்களும் இருக்கின்றன. நீச்சல் தடாகத்தைப் பார்த்து அறை எடுக்காதீர்கள். குசினியோடு கூடிய மாடிவீடு அல்லது அனெக்ஸ் எடுங்கள். பதியும்போது மூன்று விசயம் கேளுங்கள்: காஸ் அடுப்பு இருக்கிறதா, மீன் சமைக்க விடுவார்களா, வீட்டார் திரும்பும்வரை நிற்கலாமா. கீழ்மாடி கிடைத்தால் இன்னும் நல்லது, முழங்கால் நோவுக்காரருக்குப் படி ஏறுவது தண்டனை.

ஹோட்டலில் மேசை போட்டுச் சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். சாப்பிடலாம். ஆனால் 10 வருடம் காணாத பிள்ளைக்கு முன்னால் மெனு அட்டையை வைத்துக்கொண்டு, விலையைப் பார்த்து "எனக்குப் பசியில்லை" என்று சொல்கிற தாய்மாரை நீர்கொழும்பு ரெஸ்ரோறன்ட்களில் பார்த்திருக்கிறேன். அடுப்பைக் கொடுத்துப் பாருங்கள், அதே அம்மா அந்த வீட்டுக்கே சொந்தக்காரி.

வெளியே வருவது

வருகை மண்டபத்தில் வங்கிப் பீடங்கள் இருக்கின்றன. அன்றைக்குத் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். டயலொக், மொபிட்டல் பீடங்களில் சிம் எடுக்கலாம். வாகனத்துக்கு பிக்மீ, ஊபர் இரண்டும் ஓடும், விமான நிலையத்துக்குள் டக்சி பீடமும் உண்டு. கொழும்புப் பக்கம் அதிவேகப் பாதை இருக்கிறது, நீங்கள் போவது எதிர்ப்பக்கம், அதில் ஏற வேண்டாம். வெளியே வந்து "ஹோட்டல் ஹோட்டல்" என்று பின்னால் வருபவர்களுக்குத் தமிழிலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள், விளங்கும்.

லெல்லம

நீர்கொழும்பின் பெரிய மீன் சந்தைக்குப் பெயர் லெல்லம. பழைய ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில், களப்பு கடலோடு சேருமிடத்தில் இருக்கிறது. விடியப்புறமே மொத்த வியாபாரம் தொடங்கிவிடும். அம்மாவும் அப்பாவும் முன்கூட்டியே வந்திருந்தால் 6 மணிக்கு அவர்களே ஓட்டோ பிடித்துப் போய் வாங்கி வைக்கலாம். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் வாங்கிப் பழகினவர்களை இங்கே யாரும் ஏமாற்ற முடியாது. நீங்களும் பார்க்க வேண்டும் என்றால் 8 மணிக்கு நேரே அங்கே போங்கள், சில்லறை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்ப வேண்டாம். கத்தோலிக்க ஊர், அன்றைக்குக் கடலுக்குப் போகிறவர் குறைவு.

வாங்க வேண்டியது களப்பு நண்டும் இறாலும். நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், அதன் அளவுக்கு மிஞ்சிய பாரம் இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் அமத்தினால் உள்ளே போகக் கூடாது. போனால் அது ஓடு கழற்றின நண்டு, உள்ளே தண்ணிதான். அங்கேயே சிறு காசுக்கு வெட்டிச் சுத்தம் பண்ணிக் கொடுப்பார்கள். கால்களை எறிந்துவிடாமல் தரச் சொல்லுங்கள், ரசத்துக்கு உதவும்.

அம்மா ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியது மூன்றே மூன்று: வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள், பழப்புளி, முற்றத்து முருங்கை இலை ஒரு பிடி. தேங்காய், வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய் எல்லாம் நீர்கொழும்புச் சந்தையில் இருக்கிறது. சில அறைகளில் திருவலை இருக்காது. பெட்டியில் வருகிற தேங்காய்ப்பால் இரண்டு வாங்கினால் வேலை முடியும், அம்மா முகம் சுளிப்பார், பரவாயில்லை. தண்ணிப்பாலில் தூளையும் உப்பையும் நண்டையும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஓடு சிவந்ததும் புளி, பிறகு கட்டிப்பால், இறக்குமுன் முருங்கை இலை. நண்டு போட்டதிலிருந்து 20 நிமிடம் போதும்.

சமைத்த கறியை ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். பால் விட்ட கறியும் சொதியும் இரவு முழுக்க வான் சூட்டில் புளித்துவிடும். இடியப்பம் அவித்துக் கொண்டுவரலாம், ஆறவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும்.

சந்தைக்குப் பக்கத்துக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். மீனைப் பிளந்து உப்புத் தண்ணிப் பீப்பாவில் ஊறப்போட்டு, கழுவி, மணலில் விரித்த கயிற்றுப் பாயில் பரப்பி, பெண்கள் குனிந்து குனிந்து புரட்டிக்கொண்டிருப்பார்கள். காகமும் அவர்களும் ஒரு பக்கம் சண்டை. அப்பாவுக்கு இது புதினமில்லை, ஆனால் விலையைக் கேட்டு முல்லைத்தீவு விலையோடு ஒப்பிட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்பார். அவரை விட்டுவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால்

கோட்டை வாசல் வளைவில் 1678 என்ற ஆண்டு செதுக்கியிருக்கும். உள்ளே இப்போது சிறைச்சாலை, அதனால் வாசலோடு பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். பெரிய வீதியில் உள்ள மரியன்னை தேவாலயம் உட்கூரை ஓவியங்களுக்காகவே ஒருமுறை பார்க்கத் தக்கது. கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அஞ்சலி செலுத்தப் போகிறவர் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுப் போங்கள். நீர்கொழும்புக்காரர் ஆண்டுதோறும் ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோவிலுக்கு வருபவர்கள், நீங்கள் மடுப் பக்கம் என்று தெரிந்தால் கதை நீளும். சைவர்களுக்குக் கடற்கரைத் தெருவில் கோவில்கள் இருக்கின்றன. மதியம் நடை சாத்துமுன் போக வேண்டும்.

கடல் குளிப்பு வைகாசி முதல் புரட்டாதி வரை வேண்டாம். தென்மேல் பருவக்காற்றில் அந்தக் கரை இழுக்கும். முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் படகுச் சவாரி நல்லதுதான், ஆனால் 6½ மணித்தியாலத்தில் 2ஐ அதற்குக் கொடுத்தால் நண்டு யார் தின்பது?

பொதி

ஊரிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். வன்னித் தேன் ஒரு போத்தல், பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய், கருவாடு, ஒரு போத்தல் நெய். எல்லாவற்றையும் அன்போடு வாங்கிவிட்டு வாசலில் நின்று தவிக்கிற காட்சி அன்றாடம் நடக்கிறது.

உங்கள் பெரிய பொதி ஏற்கெனவே கடைசி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தால், கையில் இருப்பது கைப்பொதி மட்டும். தேனும் நெய்யும் அங்கே திரவம். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் சோதனையில் நிற்கும், அம்மா காட்டுத்தேன் என்று சொன்னாலும். ஆகவே முன்கூட்டியே போன் எடுத்து, தண்ணிச் சாமான் வேண்டாம், காய்ந்த சாமான் மட்டும் என்று சொல்லுங்கள். பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் போகும். தூள்களை இறுக்கி ஒட்டி, மேலே பெயர் எழுதி வையுங்கள்.

போகிற நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இறைச்சியும் பால் சாமானும் கொண்டுபோக முடியாது. நெய்யும் அதில் அடங்கும். அவுஸ்திரேலியாவுக்குத் திரும்புகிறவர் உணவு எதுவானாலும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டம் சாமானின் விலையைப் பல மடங்கு தாண்டும். கருவாட்டை வெற்றிடப் பொதி செய்து வாங்காவிட்டால் பக்கத்து ஆசனக்காரர் உங்களை மன்னிக்க மாட்டார்.

திரும்புவது

1.30க்கு அறையைக் கூட்டி, சட்டி கழுவி, 2.15க்கு வாகனம் வாசலில் நிற்க வேண்டும். வாகனத்தை 1 மணிக்கே பேசி வையுங்கள். எல்லாரும் எயாப்போட்டுக்கு வர வேண்டும் என்று நிற்பார்கள். ஆனால் செக்-இன் பகுதிக்குள் பயணிக்கு மட்டும்தான் இடம். வாசலில் வெயிலில் நின்று அழுவதைவிட அறையிலேயே கட்டிப்பிடித்து விடைபெறுவது நல்லது என்பேன். யாரும் கேட்கிறதில்லை.

இடைவெளி வேறு அளவு என்றால்

7 மணித்தியாலத்துக்குக் குறைவு என்றால் வெளியே வர வேண்டாம், ஊரிலிருந்து யாரையும் கூப்பிடவும் வேண்டாம். போனில் கதைத்துவிட்டு உள்ளேயே நித்திரை கொள்ளுங்கள்.

இரவில் இறங்கி மறுநாள் மாலை போகிறவருக்கு 20 மணித்தியாலம் வரை கிடைக்கும். அப்போதும் நீர்கொழும்புதான். தாய் தகப்பன் அவ்வளவு தூரம் வர முடியாத நிலை என்றால் மட்டும் அநுராதபுரத்தில் சந்திக்கலாம்: உங்களுக்கு 4 மணித்தியாலம், வவுனியாவிலிருந்து அவர்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 30 மணித்தியாலம் தாண்டினால்தான் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீட்டை நினைக்கலாம், அதுவும் ஓர் இரவு வீட்டில் படுத்தெழும்பி.

சென்னை வழியாகப் போகிறவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கே பறப்பு உண்டு. பலாலியிலிருந்து கிளிநொச்சி 2 மணித்தியால ஓட்டம். ஆனால் தனி டிக்கெட்டில் பொதி எடுத்து மாறுகிறவர் சென்னையில் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். இலங்கை விசாவை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வீட்டாரின் திரும்பும் பயணம்

இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் உள்ளே போன பிறகு அவர்களுக்கு இன்னும் 300 கிலோமீற்றர் இருக்கிறது. வான் என்றால் மாலை 4 மணிக்கே வெளிக்கிட்டு, யானை நேரத்துக்கு முன் புத்தளம் தாண்டப் பார்க்கலாம். இருட்டிவிட்டால் அநுராதபுரம் வரை மெதுவாகத்தான். பஸ் என்றால் வடக்கு நோக்கிய இரவுப் பஸ்கள் கொழும்பிலிருந்து வரும்போதே நிரம்பியிருக்கும். நீர்கொழும்புக்கு வர ஆசனம் பதிந்த அன்றே திரும்பும் வழிக்கும் பதிந்து, நீர்கொழும்பில் எந்தச் சந்தியில் ஏறுவார்கள் என்று சொல்லி, நடத்துநரின் போன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். அறையையும் இரவு 9 மணிவரை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பஸ் வரும்வரை அம்மா கால் நீட்டிப் படுக்கலாம், மிச்ச நண்டுக்கறியும் வீணாகாது.